செம்மணல் தேரியில் ஒரு பகல்

பேத்திக்கு மொட்டை போடத் திருச்செந்தூர் போயிருந்தோம். ஆனி மாசம். காலையிலேயே காரியம் முடிந்துவிட்டது, ரயிலோ ராத்திரிதான். வீட்டுக்காரம்மாவும் பிள்ளைகளும் கடற்கரையில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, நானும் மச்சானும் ஒரு ஆட்டோ பிடித்துக் காயாமொழிப் பக்கம் கிளம்பினோம். தேரி பார்க்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மச்சானுக்கு அதில் விருப்பமில்லை. "மணல்ல இன்னாத்த பாக்கப் போற மாமா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

ஊர் தாண்டியதும் நிலம் சிவந்துவிட்டது. நம்ம ஆரணித் தெருவில் சாயம் முக்கிய பட்டு நூலை வெயிலில் காயப்போட்டிருப்பார்களே, அந்த அரக்கு நிறம். மணல் ஒவ்வொன்றின் மேலும் இரும்புத் துரு பூசியிருப்பதால் வரும் சிவப்பு அது. பனியுகத்தில் கடல் வெகுதூரம் உள்வாங்கிக் கிடந்த காலத்தில், காற்று வாரிக் குவித்த மேடுகள் இவை என்கிறார்கள். குதிரைமொழித் தேரி மட்டும் சுமார் 12,000 ஏக்கராம். இந்தத் தேரிகளில் கிடைத்த சின்னச்சின்னக் கல்லாயுதங்களை வைத்து, இங்கே வேட்டையாடி வாழ்ந்த ஆதிமனிதர்களைப் பற்றி சாய்னரும் ஆல்சினும் 1956இல் எழுதியிருக்கிறார்கள்.

பார்க்கத்தான் பாலைவனம். ஜெய்சல்மேரில் வருஷத்துக்குச் சுமார் 200 மில்லிமீட்டர்தான் பெய்யும். தூத்துக்குடி மாவட்டத்தில் 600க்கு மேல் பெய்கிறது. பெய்த தண்ணி ஓடாமல் நேராக மணலுக்குள் இறங்கிவிடுவதால் மேலே வறட்சியாகத் தெரிகிறது. இறங்கிய தண்ணி எங்கே போகும்? மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனையைப் பார்த்தால் தெரியும். சுற்றிலும் செம்மணல், நடுவில் தண்ணி. மச்சான் அங்கேதான் முதல்முறையாக வாயடைத்து நின்றார்.

மேட்டில் ஏறினோம். காற்று முகத்தில் மணலை அறைகிறது, பேச வாய் திறந்தால் பல்லில் நறநற. ஆனால் தரையைக் குனிந்து பார்த்தால் ஒரே நடமாட்டம். மயில் கால்தடம், முயல் புழுக்கை, எறும்பு விழுவதற்காகக் குழிநரி தோண்டிய புனல் போன்ற பள்ளங்கள். உடைமரத்தடியில் கட்டைவிரல் தடிமனில் ஓர் ஓணான், கழுத்துக்குக் கீழே தோலை விசிறி மாதிரி விரித்து விரித்து மடக்கியது. விசிறித்தொண்டை ஓணான். தமிழ்நாட்டில் கண்ட இந்த வகை ஒன்றுக்கு 2016இல் விஞ்ஞானிகள் 'சிட்டானா விசிரி' என்றே பெயர் வைத்தார்கள். நம்ம பனையோலை விசிறிதான்!

கொழுஞ்சி தானாகவே முளைத்துக் கிடந்தது. நாம் காசு கொடுத்து விதை வாங்கித் தூவுகிறோம்.

பனங்காட்டு ஓரத்தில் ஒரு விடிலி. அறுபது வயதுப் பனையேறி அண்ணாச்சி பதநீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். பட்டையில் ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார். பாகு பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றினார். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய உடன்குடிக் கருப்பட்டி இப்படித்தான் ஆகிறது. நான் பாம்பு உண்டா என்று கேட்டேன். "சுருட்டை கெடக்கும் அண்ணாச்சி. ராத்திரி டார்ச் இல்லாம நடக்கமாட்டோம். அது பாட்டுக்கு அது, நம்ம பாட்டுக்கு நாம."

மணல் நகருமா என்று மச்சான் கேட்டார். அதற்கு அவர் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. "பனையும் கொல்லாமரமும் நிக்கிற எடத்துல நகராது. மரம் போச்சுன்னா ஆடிக் காத்துல மணலு வெளயில ஏறிரும்லா." கொல்லாமரம் என்பது அங்கே முந்திரி. இந்த வட்டாரத்தில் டாடா டைட்டானியம் திட்டத்துக்கு நிலமெடுக்க வந்தபோது, 2007இல், ஊர் ஊராக எதிர்த்து நிறுத்தியிருக்கிறார்கள். நம்மாழ்வார் ஐயா அரசு வேலை பார்த்ததும் இதே மாவட்டத்துக் கோவில்பட்டி பண்ணையில்தான்.

உறைத்ததற்குக் காரணம் உண்டு. கமண்டல நாகநதி ஓரம் எங்கள் நிலம் ரெண்டு ஏக்கரும் மணல்பாங்கு. பதினைந்து வருஷத்துக்கு முன்னால், மகள் கல்யாணச் செலவுக்கு, வரப்பில் நின்ற முப்பது பனையைச் செங்கல் சூளைக்கு விற்றேன். மரத்துக்கு என்ன கிடைத்தது என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. அடுத்த வெள்ளத்தில் ஆற்றங்கரை வரப்பு கரைந்து கால் ஏக்கர் போனது. மிச்சமுள்ள பன்னிரண்டு மரம் மச்சான் பங்கில் நிற்கிறது. அதற்கும் சூளைக்காரர் விலை பேசிவிட்டார். 2021இல் இருந்து ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனை வெட்டக்கூடாதுதான். "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றிருந்தார்கள்.

அதை நான் தேரியில் எடுக்கவில்லை. எடுத்தால் சண்டையாகும். ரெண்டு கிலோ கருப்பட்டி வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

விழுப்புரத்தில் இறங்கி ஆரணி பஸ்ஸில் உட்கார்ந்ததும் மச்சானே ஆரம்பித்தார். "அந்த ஆளு அறுபது வயசுல எத்தினி மரம் ஏறுறாரு மாமா?" தினமும் முப்பதுக்கு மேல் ஏறுவதாக அவர் சொன்னதைச் சொன்னேன். கொஞ்சநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம ஊர்ல ஏற ஆளில்லியே. வச்சிக்கினு இன்னா பண்றது?" நியாயமான கேள்வி. ஏற ஆளில்லை என்பது உண்மை. நுங்கு வெட்டவே வெளியூர் ஆளைத் தேடுகிறோம். வரப்பு நிற்குமே என்றேன். பதில் இல்லை.

இதை எழுதும் நாள்வரை பன்னிரண்டும் நிற்கின்றன. முன்பணத்தை மச்சான் திருப்பிக் கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை. ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். கொட்டை பொறுக்கிக் கரை நெடுக ஊன்றக் கூட வரச்சொல்லியிருக்கிறேன். "பாக்கலாம் மாமா" என்றிருக்கிறார்.