குக்கரில் வைத்தால் கோழி சூப் எப்படி இவ்வளவு சீக்கிரம் கொழகொழப்பாகிறது?

திறந்த பாத்திரத்தில் தீயை எவ்வளவு கூட்டினாலும் சூப் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். மிஞ்சிய சூடெல்லாம் ஆவியாகப் போய்விடும்.

குக்கரில் அந்த ஆவிக்கு வழியில்லை. ஏறுகிறவர்கள் பேருந்து வாசலை அடைத்துக்கொண்டால், இறங்குகிறவர் எவ்வளவு முட்டித் தள்ள வேண்டும்? அடைபட்ட ஆவியும் நீரை அப்படித்தான் நெருக்குகிறது. மீறி வெளியேற நீருக்குக் கூடுதல் சூடு வேண்டும். கொதிநிலை ஏறக்குறைய 120 டிகிரிக்கு ஏறிவிடுகிறது.

அந்தச் சூட்டில் கோழியின் தோலிலும் மூட்டுகளிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் வேகமாக ஜெலட்டினாகக் கரைகிறது. உதட்டில் ஒட்டுகிறதே, அதுதான்! நெஞ்சுக்கறியில் கொலாஜன் குறைவு. எலும்போடு தொடையும் காலும் போடுங்கள். 1679இல் டெனி பாப்பன் லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டிய, குக்கரின் முன்னோடியான ஆவிக்கலம் எலும்பையே மென்மையாக்கியது.

சூப்பில் சாசேஜும் சேர்ப்பதானால், அது தோலுக்குள் அடைத்த அரைத்த இறைச்சி. அழுத்தத்தில் தோல் வெடித்துவிடலாம். புகையூட்டிய சாசேஜை நறுக்கி, மூடியைத் திறந்த பிறகு போட்டுக் கொதிக்கவிட்டால் போதும்.