தூக்கும் கைகளுக்கும் துணை தேவை

“பெற்ற தாயை இயந்திரத்தில் தொங்கவிடுவதா?”

படுத்த படுக்கையான பெற்றோரைப் பராமரிக்கும் பிள்ளைகள் பலருக்கு இந்தத் தயக்கம் உண்டு. ஆனால், தினமும் கையால் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டால் அம்மாவை யார் பார்ப்பது?

‘ஹோய்ஸ்ட்’ எனும் தூக்குசாதனம் அதற்குத்தான். அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தூளி போன்ற துணியை அடியில் விரித்து, வார்களைக் கொக்கிகளில் மாட்டினால் எடையைச் சாதனம் ஏற்கும். சக்கர நாற்காலியின் பிரேக்கை முதலில் பூட்டுங்கள்.

வாங்குமுன் சாதனம் தாங்கும் எடை, துணியின் அளவு, கட்டிலடி இடைவெளி மூன்றையும் சரிபாருங்கள். வீவக வீட்டில் கட்டிலடியில் பெட்டிகளை அடுக்கியிருந்தால் சாதனத்தின் கால்கள் நுழையாது. தாதியிடமோ உடற்பயிற்சி சிகிச்சையாளரிடமோ நேரில் பழகிக்கொள்ளுங்கள்.

தூக்குமுன் அம்மாவிடம் சொல்லுங்கள். பாரம் குறைந்தால், அவர் முகம் பார்த்துப் பேசவும் முடியும். நம்மைத் தூளியில் ஆட்டியவர்தானே!