மேடைக்குப் பின்னால் ஒரு குலவை

முதலில் வந்தது வாசனைதான். தோல் சூடாகிற வாசனை.

பெசன்ட் நகர் கடற்கரையில் மேடை விளக்குகள் இன்னும் எரியவில்லை. பின்பக்கத் தட்டியை ஒட்டி ஒரு பிடி வைக்கோலும் பழைய செய்தித்தாள்களும் எரிய, ஐந்து இளைஞர்கள் பறையைத் திருப்பித் திருப்பி நெருப்பில் காட்டிக்கொண்டிருந்தார்கள். “கடக்காத்துக்கா. தோல் தொங்கிப்போகுது. எங்க ஊர்ல ஒரு தடவ காய்ச்சினாப் போதும், இங்க நாலு தடவ காய்ச்சணும்” என்றார் ஒருவர். விரலால் சுண்டினார். மொத்தென்று இருந்தது. மறுபடி நெருப்பு, மறுபடி சுண்டல். மூன்றாவது சுண்டலில் ‘கிண்’ணென்று எழுந்தது பாருங்கள் ஒரு நாதம், எனக்குக் கையெல்லாம் புல்லரித்துவிட்டது! நிகழ்ச்சி தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. எனக்கு அப்போதே தொடங்கிவிட்டது.

இது சென்னை சங்கமம் மேடை. 2007-இல் பிறந்த விழா அது. இடையில் சில வருடங்கள் நின்றுபோய், 2023 பொங்கலில் ‘நம்ம ஊரு திருவிழா’வாகத் தமிழக அரசால் மீண்டும் உயிர்பெற்றது. பூங்காவிலும் கடற்கரையிலும் மேடை, டிக்கெட் கிடையாது. நான் போனது அப்பத்தாவின் பாட்டுக்காக. குழுவே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. வயது எழுபதைத் தாண்டிவிட்டது, சிவகங்கைச் சீமைக்காரர். “பேரு போடாத தாயி. என்கூட நடவு நட்டவளுக அம்புட்டுப் பேரும் பாடினவளுகதான். அவளுக பேரையும் போடுவியா?” என்று கேட்டார். போடவில்லை. 1985-இல் வந்த ‘ஆண்பாவம்’ படத்தில் கொல்லங்குடி கருப்பாயி பாடக் கேட்டவர்களுக்கு இந்தக் குரலின் வகை தெரியும். வயக்காட்டின் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குப் போய்ச் சேருவதற்கென்றே வளர்ந்த குரல் அது.

அப்பத்தா பிளாஸ்டிக் நாற்காலியில் கால் மடக்கி உட்கார்ந்து, சுக்குக் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். பாட்டுப் பட்டியல் என்று எதுவும் கையில் இல்லை. கூட்டத்தின் முகத்தைப் பார்த்துத்தான் முதல் பாட்டே முடிவாகுமாம். சுருதிப்பெட்டியும் இல்லை. நாதஸ்வரக்காரர் பக்கத்தில் வந்து குந்த, அப்பத்தா மெல்ல ஒரு இழுப்பு இழுத்தார். நாதஸ்வரக்காரர் சீவாளியை நாக்கில் நனைத்து ஊதினார். சேரவில்லை. வேறொரு சீவாளியை மாட்டினார். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்ட நொடியில் அப்பத்தா தலையை ஆட்டினார், அவ்வளவுதான் ஒத்திகை! அந்தப் பக்கம் தவில்காரர் விரல்களில் கூடு மாட்டிக்கொண்டிருந்தார். உறுமிக்காரர் வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்துப் பார்க்க, தட்டிக்குப் பின்னால் ஏதோ பெரிய விலங்கு படுத்திருப்பது போல ஒரு உறுமல்.

எனக்கு ஒப்பாரி கேட்க ஆசை. ரெண்டே வரி பாடச் சொன்னேன். சட்டென்று என் வாயைப் பொத்திவிட்டார். “பொங்கலும் அதுவுமா! சாவு விழாத எடத்துல அதப் பாடக்கூடாது.” கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு அவரே சொன்னார்: “தாலாட்டையும் அதையும் எங்கம்மா ஒரே இழுவைலதான் இழுக்கும். வீட்டுக்குள்ள புள்ள தூங்குதா, இல்ல யாரும் போய்ச் சேந்துட்டாகளான்னு வாசல்ல நிக்கிறவனுக்கு வெளங்காது.” நாட்டுப்புற இசை பற்றி நான் படித்ததிலெல்லாம் கிடைக்காத ஒன்று அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் கிடைத்தது.

ஒப்பாரிக்குப் பதிலாகக் குலவை சொல்லிக்கொடுத்தார். நாக்கு மேலும் கீழும் போகக்கூடாது, பக்கவாட்டில் அடிக்க வேண்டும். மூச்சைத் தொண்டையில் நிறுத்தாமல் விட வேண்டும். நான்காவது முயற்சியில் எனக்கு வந்தேவிட்டது! பறைக்காரத் தம்பிகள் விசிலடித்தார்கள்.

இதற்கிடையில் மைக் செட்காரரோடு ஒரு வாக்குவாதம். அப்பத்தாவுக்குத் தன் முன்னால் என்ன இருக்கிறது என்ற கவலையே இல்லை. பின்னால் கிடக்கிற வயரையெல்லாம் அப்புறப்படுத்தச் சொல்லி ஒரே பிடிவாதம். “முன்னாடி கெடக்கட்டும் தம்பி, பின்னாடி ஒண்ணு கெடக்கப்படாது.” எதற்கென்று எனக்கும் புரியவில்லை, மைக் செட்காரருக்கும் புரியவில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் சுருட்டி ஓரத்தில் வைத்தார்.

மேடையேறி மூன்றாவது பாட்டில் தெரிந்தது. நடவுப்பாட்டு. அப்பத்தா இடுப்பை வளைத்துக் குனிந்தார். இடது கையில் இல்லாத நாற்றுமுடி, வலது கை ஒவ்வொரு தாளத்துக்கும் பலகையில் ஊன்றி எழுகிறது. பாடிக்கொண்டே ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனார். நாற்று நடுகிறவர்கள் பின்னால்தானே நகர்வார்கள், முன்னால் நகர்ந்தால் நட்டதையெல்லாம் மிதித்துவிடுவார்களே! மேடையின் விளிம்பிலிருந்து பின்திரை வரைக்கும் ஒரு வயலையே நட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தார். மூச்சு வாங்கவில்லை. பாட்டு ஓரிடத்திலும் அறுபடவில்லை. பக்கத்தில் நின்ற மைக் செட்காரர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

மணலில் உட்கார்ந்திருந்த பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு குலவை கிளம்பியது. தட்டிக்குப் பக்கத்திலிருந்து நானும் சேர்ந்து போட்டேன். அப்பத்தா என் பக்கம் கையைத் தூக்கிக் காட்டினார்.

அடுத்த பொங்கலுக்கு நீங்களும் போங்கள். ஆறு மணிக்கு நிகழ்ச்சி என்றால் ஐந்துக்கே போய்விடுங்கள். பறை காய்ச்சுகிற இடத்துக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டாம், மூக்கே கூட்டிக்கொண்டு போகும்.