கூரையில் சோலார், வண்டிக்குள் ஃப்ரிட்ஜ்: வயர் இழுக்கும் முன்பே பேப்பரை வாங்குங்கள்

குட்டி யானையில் மீன் விற்பவர்கள், ஆம்னி வேனில் கேக்கும் ஐஸ்கிரீமும் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் பலர் இப்போது ஐஸ் பெட்டியை விட்டுவிட்டு வண்டியிலேயே 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் வைத்துக்கொள்கிறார்கள். கூரையில் ஒரு சோலார் பேனல், சீட்டுக்குப் பின்னால் இரண்டாவது பேட்டரி. நல்ல ஏற்பாடுதான். தினமும் ஐஸுக்குக் கொடுக்கும் காசு மிச்சம், சரக்கும் கெடாது. ஆனால் திரும்பத் திரும்ப ஒரே விதமாக மாட்டிக்கொள்கிறவர்களைப் பார்க்கிறேன். பில் கிடையாது, ஃபியூஸ் கிடையாது, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் கிடையாது. ஒரு நாள் வயர் கருகி வண்டி எரிகிறது. ‘அனுமதியில்லாத மாற்றம்’ என்று கிளெய்மை மறுத்துக் கடிதம் வருகிறது. பொருத்திக் கொடுத்தவரிடம் போனால், ‘நான்தான் செய்தேன் என்பதற்கு என்ன அத்தாட்சி?’ என்கிறார்.

முதலில் கணக்கு. 40 லிட்டர் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது ஏறக்குறைய 50 வாட் இழுக்கும். நம் ஊர் வெயிலில், மூடிய வண்டிக்குள், நாளில் பாதி நேரத்துக்கும் மேல் அது ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாளைக்கு 600 முதல் 700 வாட் அவர், அதாவது 12 வோல்ட்டில் 50 முதல் 60 ஆம்பியர் அவர் வேண்டும். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும். எனவே மேலே 100 ஏ.எச். என்று எழுதியிருந்தாலும் நீங்கள் நம்பக்கூடியது 50தான். கூரையில் படுத்தவாக்கில் கிடக்கும் 200 வாட் பேனல், சூடும் தூசியும் தின்றது போக, நல்ல வெயில் நாளில் 700 வாட் அவர் அளவுக்குத் தரும். ஐப்பசி அடைமழையில் அதில் பாதியை எதிர்பார்ப்பதே அதிகம். ‘100 வாட் பேனல் தாராளமாகப் போதும்’ என்று சொல்லும் கடைக்காரரிடம் இந்தக் கணக்கைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது, இரண்டாவது பேட்டரியை வண்டி பேட்டரியோடு வெறும் வயரால் சேர்த்துவிடும் வழக்கம். இரவில் ஃப்ரிட்ஜ் இரண்டையும் சேர்த்து உறிஞ்சிவிடும். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. நடுவில் ஐசொலேட்டர் ரிலே இருக்க வேண்டும். பி.எஸ். 6 வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் வோல்ட்டேஜை ஓட்டத்துக்கு ஏற்றபடி ஏற்றி இறக்குவதால் ரிலேயும் சரிவராது, டி.சி.-டி.சி. சார்ஜர்தான் வேண்டும். லித்தியம் பேட்டரி என்றால் கட்டாயம் அதுவே. நேரடியாகச் சேர்த்தால் லித்தியம் இழுக்கும் இழுப்பில் ஆல்டர்னேட்டரே சூடாகிக் கெட்டுப்போகும். பழைய மின்சார ஸ்கூட்டரிலிருந்து பிரித்த பேட்டரியை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி வண்டிக்குள் வைக்காதீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் ஓர் அடி தூரத்தில் இருக்கப்போகிற பொருள் அது.

ஃபியூஸ். இதை யாரும் காதில் வாங்குவதில்லை. ஒவ்வொரு பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்தும் ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் பக்கம் இருக்கும் ஃபியூஸ் போதாது. நடுவழியில் வயர் தோல் உரிந்து பாடியில் பட்டால், அதற்கு முன்னால் ஃபியூஸ் இல்லாதபோது பேட்டரியில் உள்ள அவ்வளவு கரண்டும் அந்த வயர் வழியே பாயும். வண்டியின் பாடி முழுக்கவே நெகட்டிவ் என்பதை மறக்க வேண்டாம். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று கம்பியைச் சுற்றிவிடுகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன்: இரண்டு பேட்டரி என்றால் இரண்டு ஃபியூஸ், இரண்டும் பேட்டரிக்குப் பக்கத்தில்.

முன்னாலிருந்து பின்னால் வரை 5 மீட்டர் போகும் வயர் 1.5 சதுர மில்லிமீட்டர் தடிமன் என்றால், 5 ஆம்பியரில், போக வரச் சேர்த்து அரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். ஃப்ரிட்ஜ் ‘பேட்டரி லோ’ என்று நின்றுவிடும். நீங்கள் பேட்டரியைக் குறை சொல்வீர்கள். 4 அல்லது 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போடுங்கள். தண்ணீர் ஊற்றும் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும். காற்றுப்போக்கில்லாத இடத்தில் அதை வைக்கவே கூடாது. 100 ஏ.எச். லெட் ஆசிட் பேட்டரி 30 கிலோ போல இருக்கும். இரும்புப் பட்டை போட்டு போல்ட்டால் முடுக்காவிட்டால் சடன் பிரேக்கில் அது உங்கள் மேல்தான் வரும். சோலார் கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணைத்து, பிறகு பேனலை இணைக்க வேண்டும். கழற்றும்போது பேனல் முதலில்.

இனி பேப்பர். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. அதே சமயம், வண்டியின் கட்டமைப்பு மாறி அதன் அடிப்படைத் தன்மையே மாறுவதுதான் ‘மாற்றம்’ என்று 52-ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. சாக்கெட்டில் செருகிக் கழற்றும் ஃப்ரிட்ஜ் அதில் வராது. கூரையைத் துளைத்து, பாடியை வெட்டி, பெட்டி கட்டினால் வாதத்துக்கு இடமாகிவிடும்.

எனவே வேலைக்கு முன்பே, என்ன பொருத்தப்போகிறீர்கள், எங்கே, எத்தனை கிலோ என்று ஒரு பக்கத்தில் எழுதி, படம் சேர்த்து, உங்கள் ஆர்.சி. உள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி தேவையா என்று கேட்டு மனுக் கொடுங்கள். ‘இதற்கெல்லாம் இங்கே எதுவும் இல்லை’ என்று ஜன்னலிலேயே திருப்பி அனுப்புவார்கள். வாய்ச்சொல் உங்களைக் காப்பாற்றாது. நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தரவில்லை என்றால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். பதில் வராவிட்டால், 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்த மனுவின் நிலையைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அனுமதி பெற்று மாற்றினால், 14 நாளுக்குள் ஆர்.சி.யைக் கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இன்ஷூரன்ஸில் இதற்கென்றே ஐ.எம்.டி. 24 என்ற எண்டார்ஸ்மென்ட் இருக்கிறது. வண்டித் தயாரிப்பாளரின் விலையில் சேராத மின், மின்னணுப் பொருள்களைக் கூடுதல் பிரீமியம் கட்டிப் பாலிசியில் சேர்ப்பது அது. பேனல், பேட்டரி, கன்ட்ரோலர், ஃப்ரிட்ஜ் நான்கின் பில்லையும் இணைத்து மின்னஞ்சலில் கேளுங்கள். ஏஜென்டிடம் போனில் சொன்னேன் என்பது தகவல் கொடுத்ததாகாது. பாலிசியில் அந்த வரி ஏறியிருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

பொருத்துபவரிடம் ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் வாங்குங்கள். பேட்டரியின் சீரியல் எண், வயர் தடிமன், ஃபியூஸ் ஆம்பியர், கூலி தனியாக, எல்லாம் அதில் இருக்க வேண்டும். ‘பில் போட்டால் வரி சேரும்’ என்பார். சேரட்டும். பில் இல்லாதவனுக்கு நுகர்வோர் ஆணையத்தில் பேச வாய் இல்லை.

தீப்பிடித்தால் 101 அல்லது 112. அணைந்த பிறகு வண்டியை நகர்த்தாமல் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, அன்றே கம்பெனியில் கிளெய்ம் எண் வாங்குங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது, தீயணைப்பு நிலையத்தில் தீ விபத்து அறிக்கை இரண்டும் வேண்டும். கருகிய வயரையும் ஃபியூஸையும் தூக்கி எறியாதீர்கள். தீ எங்கே தொடங்கியது என்பதற்கு அதுதான் சாட்சி. சர்வேயர் அறிக்கையின் நகலை எழுதிக் கேளுங்கள்; அது உங்கள் உரிமை.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால், சென்னை தேனாம்பேட்டை, 453, அண்ணா சாலை, ஃபாத்திமா அக்தர் கோர்ட் 4-ஆம் மாடியில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்துக்குப் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.

பொருளிலோ வேலையிலோ குறை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கி, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் வரை போகலாம். ‘நீ வியாபாரத்துக்கு வாங்கினாய், நுகர்வோரே இல்லை’ என்று எதிர்த்தரப்பு சொல்லும். பயப்பட வேண்டாம். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கியவர் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. புகாரின் முதல் பத்தியிலேயே அதை எழுதிவிடுங்கள். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. குறை நேர்ந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கடைக்காரர் ‘அடுத்த வாரம் வாங்க’ என்று உங்களை அலையவிடும் நாள்களும் அந்தக் கணக்கில் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.