காக்கும் கடமையும் காத்திருக்கும் குடும்பமும்

மலேசியாவில் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 25ஆம் நாள் காவலர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. 1807ஆம் ஆண்டு பினாங்கிற்கு வழங்கப்பட்ட நீதிச் சாசனத்தை நினைவுகூரும் நாள் அது. அன்று காவலர்களின் வீரத்தையும் தியாகத்தையும் போற்றுகிறோம். அந்தத் தியாகத்தில் அவர்களின் குடும்பத்தினருக்கும் பங்கு உண்டு.

காவல் நிலையம் 24 மணி நேரமும் இயங்க வேண்டும். ஆகவே, காவலர்கள் முறை வைத்துப் பகலிலும் இரவிலும் பணிபுரிகின்றனர். இரவுப் பணி முடிந்து காவலர் வீடு திரும்பும்போது பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்பட்டிருப்பர். அவர்கள் திரும்பி வரும் நேரத்தில் அவர் உறங்கிக்கொண்டிருக்கலாம். பண்டிகைக் காலம் இன்னும் கடினமானது. நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு போன்ற காலங்களில் மக்கள் சொந்த ஊருக்குப் பயணம் செய்கின்றனர். அப்போது விபத்துகளைக் குறைக்க, 'ஓப் செலாமாட்' எனும் சாலைப் பாதுகாப்பு நடவடிக்கை மேற்கொள்ளப்படுகிறது. பிறர் பத்திரமாக வீடு சேர, காவலர் தம் வீட்டைப் பிரிந்து சாலையில் நிற்கிறார்.

நேரப் பற்றாக்குறையோடு மற்றொரு சிக்கலும் உண்டு. பணியிலுள்ள காவலர் ஒவ்வொரு நொடியும் விழிப்புடன் இருக்க வேண்டும். இதன் விளைவை, அமெரிக்காவில் காவல் பணியாற்றிய உளவியலாளர் கெவின் கில்மார்ட்டின் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார். பணியின்போது உடலும் மனமும் வழக்கத்தைவிடக் கூர்மையாகச் செயல்படுகின்றன. பணி முடிந்ததும் அவை வழக்கமான நிலைக்கும் கீழே இறங்கிவிடுகின்றன. அதனால், நிலையத்தில் சுறுசுறுப்பாக இருப்பவர் வீட்டில் சோர்ந்து காணப்படுவார். கேட்ட கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் அளிப்பார். 'அப்பாவுக்கு நம்மீது அக்கறையே இல்லை' எனப் பிள்ளைகள் தவறாக எண்ணக்கூடும். உண்மையில், அவருடைய உடல் இழந்த ஆற்றலை மீட்டுக்கொண்டிருக்கிறது.

இந்நிலையைச் சமாளிக்க வழிகள் உள்ளன. முதலாவது, திட்டமிடல். சோர்வு தீர்ந்த பிறகு பார்க்கலாம் என்று ஒத்திப்போட்டால் அந்த நேரம் வராமலே போகலாம். பணி அட்டவணை கிடைத்தவுடன், குடும்பத்துடன் செலவிடும் நேரத்தையும் நாள்காட்டியில் குறித்துவிட வேண்டும். பண்டிகை நாளில் பணி இருந்தால், அடுத்த ஓய்வு நாளில் குடும்பமாகக் கூடி விருந்து உண்ணலாம். இரண்டாவது, உடற்பயிற்சி. அது உடலையும் மனத்தையும் மீண்டும் ஊக்கப்படுத்துகிறது. மூன்றாவது, மனம்விட்டுப் பேசுதல். "இன்று கடினமான நாள், சற்று ஓய்வெடுத்துவிட்டு வருகிறேன்" என்று சொன்னால் வீட்டில் உள்ளோர் புரிந்துகொள்வர்.

குடும்பங்களுக்குத் துணைநிற்கும் அமைப்புகளும் உண்டு. 'பெர்கெப்' எனப்படும் காவலர் குடும்பச் சங்கம் அவற்றுள் ஒன்று. காவல் படையிலேயே ஆலோசனை வழங்கும் பிரிவும் செயல்படுகிறது. உதவி நாடுவது பலவீனம் ஆகாது.

காவலர் வீட்டில் மட்டுமல்லாது, தாதியர், தீயணைப்பு வீரர், தொழிற்சாலை ஊழியர் ஆகியோரின் வீடுகளிலும் இதே நிலைதான். உங்கள் பெற்றோரும் முறைப்பணி செய்பவர்களாக இருக்கலாம். அவர்களின் பணி அட்டவணையை ஒரு முறை படித்துப் பாருங்கள். அவர்கள் உறங்கும் நேரத்தில் ஓசையைக் குறையுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் அருகில் அமர்ந்து பேசுங்கள். குடும்பத்துக்குக் கிடைக்கும் நேரம் குறைவாக இருக்கலாம். அதை வீணாக்காமல் காப்பது எல்லாருடைய பொறுப்பாகும்.