தீவுகளில் இணையவழிக் கல்வியும் 'குக்கீ' என்னும் அடையாளச் சீட்டும்

சென்னையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அந்தமான் நிக்கோபார் தீவுகள் நெடுங்காலம் செயற்கைக்கோள் வழியாகவே இணையத் தொடர்பைப் பெற்று வந்தன. அது விரைவு குறைந்தது, செலவு மிகுந்தது. 2020 ஆகஸ்ட் 10 அன்று, சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடியிழை வடம் தொடங்கி வைக்கப்பட்டது. இது சென்னையைப் போர்ட் பிளேருடனும் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்), கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் உள்ளிட்ட தீவுகளுடனும் இணைக்கிறது. 2017இல் தொடங்கப்பட்ட 'ஸ்வயம்', 'தீக்ஷா' போன்ற கல்வித் தளங்களைத் தீவு மாணவர் பயன்படுத்துவதற்கு இவ்வசதி பெரிதும் துணைபுரிகிறது. இந்நிலையில், இத்தகைய தளங்கள் தம் மாணவரை எவ்வாறு அடையாளம் காண்கின்றன என்பதை அறிவது இன்றியமையாததாகும்.

குக்கீ என்பது யாது?

இணையத்தின் அடிப்படை விதிமுறைக்கு நினைவாற்றல் இல்லை. மாணவர் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்திற்குச் சென்றால், தளத்திற்கு அவர் புதியவரே. இக்குறையைப் போக்க 1994இல் அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனப் பொறியாளர் லூ மோன்டுல்லி வகுத்த முறையே குக்கீ.

வங்கியில் காசோலையைக் கொடுத்ததும் எண் பொறித்த டோக்கன் ஒன்று தரப்படுவதுண்டு. குக்கீயும் அத்தகையதே. மாணவர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் அளித்து நுழைந்தவுடன், தளம் ஓர் எண்ணை அவருடைய உலாவியில் பதித்து வைக்கிறது. பின்னர் ஒவ்வொரு பக்கத்தைக் கோரும்போதும் உலாவி அதைக் காட்டுகிறது. பல கல்வி நிறுவனங்கள் பயன்படுத்தும் 'மூடில்' என்னும் மென்பொருளும் இவ்வாறே இயங்குகிறது.

பொதுவாக, மதிப்பெண்ணும் பாட முன்னேற்றமும் குக்கீயில் இருப்பதில்லை. அவை தளத்தின் கணிப்பொறியில் உள்ளன. எனவே குக்கீயை அழித்தால் மதிப்பெண் அழியாது. மீண்டும் நுழைந்தால் போதும். தேர்வின் நடுவே தொடர்பு அறுந்தாலும், சீட்டு காலாவதியாகாதவரை மாணவர் மீண்டும் அடையாளம் காணப்படுவார்.

இரு எச்சரிக்கைகள்

முதலாவது, டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவரே உரியவராகக் கொள்ளப்படுவார். பள்ளிக் கணிப்பொறி அறையிலோ பலர் பயன்படுத்தும் கைப்பேசியிலோ வெளியேறும் பொத்தானை அழுத்தாமல் எழுந்து சென்றால், அடுத்து அமர்பவர் முன்னவர் பெயரிலேயே விடையெழுத இயலும்.

இரண்டாவது, சில தளங்களில் பிற நிறுவனங்களின் காணொளிகளும் கணக்கெடுப்புக் கருவிகளும் பொருத்தப்படுகின்றன. அவை வைக்கும் குக்கீகள் மாணவர் வேறு எங்கெங்கு செல்கிறார் என்பதையும் தொடர்ந்து அறியக்கூடும். கற்பித்தலுக்கு இவை தேவையற்றவை.

சட்டமும் மொழியும்

2023ஆம் ஆண்டின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அவை படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு அமைந்துள்ளன. பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் தேவை என்றும், அவர்களின் நடத்தையைப் பின்தொடரலாகாது என்றும் சட்டம் கூறுகிறது. கல்விப் பணிக்கென விதிகளில் சில விலக்குகள் உண்டு.

ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் உரிமையும் அளிக்கப்பட்டுள்ளது. தீவுகளில் வாழும் தமிழருக்கும் வங்காளியருக்கும் இது நற்பயன் தரும். ஆனால் நிக்கோபாரி மொழி அந்த அட்டவணையில் இல்லை. கார் நிக்கோபாரில் ஒரு தாய் தம் பிள்ளைக்காக அளிக்கும் ஒப்புதல், அவருக்குப் புரியாத மொழியில் அமையுமாயின் அதனை ஒப்புதல் என்று கொள்வது எங்ஙனம்?

கற்றலுக்குத் தேவையான குக்கீயை மட்டும் வைப்பது தளங்களின் கடமை. வேலை முடிந்ததும் வெளியேறுவது மாணவரின் கடமை. அறிவிப்பின் பொருளைத் தாய்மொழியில் எடுத்துரைப்பது ஆசிரியரும் நிர்வாகமும் ஏற்கவேண்டிய பொறுப்பு. கடலைக் கடந்து வடம் வந்துவிட்டது. நம்பிக்கையும் அதனுடன் வந்து சேர்ந்தால்தான் அம்முதலீடு முழுப்பயன் தரும்.