உங்களுக்குத் தெரியுமா? பாட்டு திக்காமல் ஓட…

சிடியில் உள்ள பாட்டு ஓட, நொடிக்கு 1,411 கிலோபிட் தரவு வேண்டும். 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் பதினொன்றில் ஒரு பங்கே போதும். பலத்த ஓசைக்கு அடியில் அமுங்கிப்போகும் மெல்லிய ஓசைகளைக் கழித்துவிடுவதுதான் சூட்சுமம். எம்பி3-ஐ உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெர்மானியர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சுசான் வேகா வாத்தியமே இல்லாமல் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் அதைச் செப்பனிட்டார். தனிக்குரலில் சின்னப் பிசிறுகூட ஒளிய இடமில்லையே!

கைபேசிச் செயலியில் இணையம் வழியாகப் பாட்டை 320 கிலோபிட்டில் ஒரு மணி நேரம் கேட்டால் 144 மெகாபைட் செலவாகும். 96-ல் 43 தான். ஓடும் பஸ்ஸில், சிக்னல் விட்டுவிட்டு வரும்போது 96-ஐ வையுங்கள். வீட்டில் வைஃபையும் நல்ல ஹெட்போனும் இருந்தால் 320-க்கு மாற்றுங்கள்: சிம்பலைத் தட்டியபின் ஓய்ந்து மறையும் அந்தக் கடைசிச் சிலிர்ப்பு தெளிவாகக் காதில் விழும்.